ஐந்து விளக்கும் ஒரு பானையும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் ஜெராட் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்து நகரமான லவாலில் ஒரு களஞ்சியம் அவனுக்கு வேலை வைத்திருந்தது. ஓம் என்றால் திங்கட்கிழமை வரலாம். பேசாமல் இருந்தால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை பதினாலு வருசம் வைத்திருந்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பி ஏழு மாதம். முதல் நாலு மாதம் வேலை தேடினான். மற்ற மூன்று மாதமும் ஆற்று நடுவே தீவில் இருக்கும் கசினோவுக்குப் போனான். அதை மனைவி அஞ்சலீனாவுக்கு ஒளிக்கவில்லை. காலையில் சோற்றுப் பெட்டியோடு வெளிக்கிட்டான். ஐந்து மணிக்கு வெறும் பெட்டியோடு திரும்பினான். வேலைக்குப் போய் வந்தவன் போலவே கால் வலிக்கிறது என்றான்.

"அது சூதில்லை, அஞ்சலி. அது வேலை."

"லவாலிலை இருக்கிறதும் வேலைதானே."

"அது பெட்டி தூக்கிற வேலை. இது மூளை வேலை."

"மூண்டு மாதம் மூளை வேலை செய்து என்ன மிச்சம்?"

"மிச்சமுமில்லை, நட்டமுமில்லை. வாறதெல்லாம் எங்கையோ ஒரு ஓட்டையாலை போகுது. அதைப் பிடிச்சிட்டனெண்டால் இனி ஒருத்தனுக்குக் கீழையும் நிக்கத் தேவையில்லை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "ஒருநாள் வந்து பாரும். பாத்திட்டு நீர் சொல்லும். போ எண்டா நான் லவாலுக்குப் போறன்."

அவள் சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் ஊசிமருந்துக் குப்பிகளைப் பார்வையிடுபவள். வெள்ளைப் பின்னணியில் ஐந்து விநாடி, கறுப்புப் பின்னணியில் ஐந்து விநாடி. சந்தேகம் வந்தால் குப்பியை மெல்லச் சுழற்ற வேண்டும். மேலே போனால் காற்றுக் குமிழி. கீழே இறங்கினால் துகள். குமிழி பார்வைக்குப் பழுது மாதிரி இருக்கும், பழுதல்ல. ஒன்பது வருசமாக இதையே செய்கிறாள்.

அந்த வெள்ளி தொழிற்சாலை துப்புரவுக்காக மூடியிருந்தது. வாறன் என்றாள். கோபம் இருந்தது. அதைவிட, இந்த மனிதன் அங்கே என்னதான் செய்கிறான் என்று அறியும் ஆவல் கூட இருந்தது.

மஞ்சள் பாதை மெட்ரோ ரயிலில் போய், பஸ் மாறி, பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தார்கள். அவள் நினைத்து வந்தது ஒன்று, கண்டது வேறு. ஜெராட் எதிலும் உட்காரவில்லை. நடந்தான். பூசை தொடங்கிய பிறகு கோயிலுக்குள் வந்து இடம் தேடுகிறவன் போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்தான்.

"இருக்கேல்லையோ?" என்றாள்.

"எதிலை?"

"இவ்வளவு மிசின் கிடக்கு."

"நூறிலை தொண்ணூற்றெட்டு குப்பை. மற்ற ரெண்டுக்காகத்தான் இந்த நடை."

ஒரு சிவப்பு இயந்திரத்தின் முன் நின்றான். திரையில் படங்கள் உருளும் ஐந்து நிரல்கள். ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் மூன்று கோடுகள். உருளும்போது எண்ணெய்த் துளி ஒன்று விழுந்தால் அந்த விளக்கில் ஒரு கோடு மட்டம் ஏறும். மூன்றும் ஏறினால் விளக்கு பற்றும். பற்றினால் அடுத்த சில சுற்றுக்கு அந்த நிரல் முழுவதும் எந்தப் படத்தோடும் சேரும். அப்போதுதான் பணம் விழும்.

"முதல் இருந்தவன் எழும்பிப் போனாலும் எண்ணெய் அப்பிடியே நிக்கும்," என்றான் ஜெராட். "ஊத்தினது அவன்ரை காசிலை. வந்து கொளுத்திறது நான்."

"அவனுக்கு அது தெரியாதோ?"

"தெரிஞ்சவன் எழும்புவானே?"

"பாவமில்லையோ இது?"

"அறுத்த வயலிலை விழுந்த கதிரைப் பொறுக்கிறது பாவமே?"

"பங்குச் சுவாமியாரிட்டைக் கேட்டுப் பாத்தனீங்களோ?"

"கேட்டா, எந்த மிசின் எண்டு கேப்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்த இயந்திரத்தில் இரண்டு விளக்கில் மட்டும் ஒவ்வொரு கோடு எண்ணெய் நின்றது. தேறாது என்றான். ஆனால் நகரவில்லை. பந்தயத் தொகையைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டினான். நாற்பது சதம் எண்பது ஆயிற்று. விளக்குகளும் மாறின. இப்போது எல்லாம் வெறுமை. மறுபடி தட்டினான். ஒரு டொலர் இருபதில் வேறு மாதிரி.

"ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேற வேற எண்ணெயோ?"

"ஓம். ஒரு மிசினுக்குள்ளை அஞ்சு மிசின். கனபேருக்கு இது தெரியாது. மேலாலை பாத்திட்டுப் போயிடுவினம்."

அவள் தானே பொத்தானைத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் விளக்குகள் மாறின. திரும்பி வந்தால் பழையபடி அதே கோடுகள். இது அவளுக்குப் பிடித்திருந்தது. யாரோ விட்டுப்போனதை இயந்திரம் நேர்மையாக வைத்திருக்கிறது.

அடுத்த வரிசையில் இன்னொரு வகை. திரைக்கு மேலே ஒரு தொகை சதம் சதமாக ஏறிக்கொண்டிருந்தது. ஐந்நூறு டொலரைத் தொட முன்னம் அது விழுந்தே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தது. இப்போது நானூற்று அறுபத்து மூன்று.

"இன்னும் பழுக்கேல்லை," என்றான். "நானூற்றுத் தொண்ணூறு தாண்டட்டும்."

தங்களைப் போலவே இன்னொருவன் நடப்பதை அவள் கவனித்தாள். சாம்பல் தொப்பி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரன். விளக்கு இயந்திரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போனான். ஜெராட்டும் அவனும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரிக் கடந்தார்கள்.

"அவனும் உங்கடை ஆளோ?"

"இஞ்சை ஒரு நாலு பேர் இருக்கிறம். கதைக்க மாட்டம்."

ஜெராட்டுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய பங்குக் கோயிலின் ஆவணித் திருநாளில் பன்னிரண்டு வருசமாக 'லக்கி டிப்' நடத்துபவன் அவன்தான். நீலப் பீப்பா ஒன்று. அதற்குள் மரத்தூள். மரத்தூளுக்குள் இருநூறு பொட்டலம். நூற்றைம்பது வெறும் பொட்டலம், மற்றதில் சின்னச் சாமான்கள், ஒன்றே ஒன்றில் டீவிக்கான துண்டு. காலையில் பிள்ளைகள் வந்து பீப்பாவுக்குள் கை விடுவார்கள். விசயம் தெரிந்தவர்கள் பின்னேரம்தான் வருவார்கள். "இன்னும் முப்பத்தாறு பொட்டலம், டீவி உள்ளுக்கை" என்று ஜெராட் ஒலிவாங்கியில் சொல்லும்போது கோயில் வளவு முழுதும் வரிசையில் நிற்கும். வெளியே வராதது உள்ளே இருக்கிறது. அவன் வாழ்க்கையில் நம்பிய கணக்கு அது ஒன்றுதான்.

ஒரு வருசம் டீவி பத்தரைக்கே போய்விட்டது. பிறகு யார் வருவார்கள்? திருநாள் குழுத் தலைவர் அருமைராசா அண்ணை காதோடு காதாகச் சொன்னார்: அந்தத் துண்டைத் திரும்பப் போட்டு ஒருக்காக் கிண்டிவிடு, பொழுது போகட்டும். எடுத்ததைத் திரும்பப் போட்டால் அது பீப்பாவே இல்லை என்றான் ஜெராட். பீப்பாவைத் தூக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மரத்தூள் கார் இருக்கையெல்லாம் கொட்டி, பங்குச் சனம் ஒரு வருசம் சிரித்தது.

பதினொன்றேமுக்கால் போல அவன் எண்பது சத விளக்கு இயந்திரம் ஒன்றில் உட்கார்ந்தான். மூன்று விளக்கில் இரண்டிரண்டு கோடு. இருபது சுற்றுக்குள் இரண்டு விளக்கு பற்றின. விழுந்த பணம் பெரிதல்ல, ஆனால் போட்டதைவிடக் கூட. உடனே எழுந்தான்.

"ஏன் எழும்பினீங்கள்?"

"இருந்தது வந்திட்டுது. இனி இருந்தா நான் ஊத்த, தொப்பிக்காரன் கொளுத்துவான்."

சரியாகத்தான் செய்கிறான் என்று அவள் நினைத்தாள். அப்படியென்றால் ஓட்டை எங்கே?

அவன் அவளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தின் மற்றப் பக்கம் போனான். அங்கே ஆறு இயந்திரங்கள், ஆறு தங்கப் பானைகள். சுற்றில் நாணயம் விழும்போதெல்லாம் திரையின் மேலே பானை வீங்கும். சில பானை மெலிவு. சிலது வயிறு புடைத்து, மூடி ஆடி, இப்போதே உடையும் போல நடுங்கியது. உடைந்தால் இலவசச் சுற்றுகள் கிடைக்கும் என்றான்.

"அந்தா, அதைப் பாரும். வாய் மட்டும் நிறைஞ்சு நிக்குது. எத்தினை பேற்றை காசு. இனித் தாங்காது."

"எத்தினை நாணயத்துக்கு உடையும்?"

"அது தெரியாது. நிறைஞ்சா உடையும்தானே."

"விளக்குக்கு மூண்டு எண்டு கோடு கிடக்கு. மற்றதுக்கு ஐந்நூறு எண்டு எழுதிக் கிடக்கு. இதுக்கு ஏன் ஒண்டையும் காணேல்லை?"

ஜெராட் அவளைப் பார்த்தான். "சட்டியிலை இருந்தாத்தான் அகப்பையிலை வரும். இதுக்குள்ளை இருக்கு. கண்ணாலை தெரியுதே."

கண்ணால் தெரிவது. அவளுக்குக் குமிழி ஞாபகம் வந்தது.

"நீங்கள் போய் நடவுங்கோ. நான் இதிலை கொஞ்சம் இருந்து பாக்கிறன்."

"என்னத்தை?"

"சும்மா."

கோப்பி ஒன்றும் ஒரு கடதாசிக் கைத்துண்டும் எடுத்துக்கொண்டு பானை வரிசையின் கடைசிக் கதிரையில் இருந்தாள். கைத்துண்டின் நடுவே பேனையால் ஒரு கோடு கீறினாள். கொழுத்த பானை உடைந்தால் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளடி. மெலிந்தது உடைந்தால் கீழே.

பக்கத்துக் கதிரையில் ஊதா மேலங்கி போட்ட கெபெக் மூதாட்டி ஒருத்தி விளையாடினாள். பொன்ஜூர் என்றாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் திரையைத் தொட்டுப் பானையின் வயிற்றைத் தடவினாள். தடவ வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்று பிரெஞ்சில் சொன்னாள். பானை உடைந்தது. அப்போதுதான் வீங்கத் தொடங்கியிருந்த மெலிந்த பானை.

"பார்த்தீர்களா, தடவினேன்," என்றாள் மடாம்.

அஞ்சலீனா கோட்டுக்குக் கீழே புள்ளடி போட்டாள்.

இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. நடுவில் ஜெராட் ஒருமுறை வந்து சாப்பாட்டைப் பற்றிக் கேட்டான். பேந்து சாப்பிடுவம் என்றாள். எதிர் வரிசைப் பானை ஒன்று அவள் வந்ததிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒருவர் எழ ஒருவராக மூன்று பேர் அதை உடைக்கப் பார்த்துக் களைத்துப் போனார்கள். தொப்பிக்காரன் ஒன்பது முறை அந்த வழியால் போனான். ஒன்பது முறையும் பானைகள் பக்கம் தலையைத் திருப்பவில்லை. தரையில் கிடக்கும் ஒரு சதத்தையும் விடாத கண் அது. அந்தக் கண் இந்தக் கொழுத்த பானைகளை ஏன் பார்ப்பதில்லை?

மடாம் கழிப்பறைக்குப் போனபோது அவள் பக்கத்து வெறும் இயந்திரத்துக்கு மாறினாள். சந்தேகம் என்றால் சுழற்ற வேண்டும். பந்தயப் பொத்தானைத் தட்டினாள். நாற்பது சதம். எண்பது. ஒரு டொலர் இருபது. நாலு டொலர் வரைக்கும் போனாள். பானை அசையவில்லை. எந்தப் பந்தயத்துக்கும் அதே பானை, அதே வீக்கம்.

மூலையில் சின்னதாக ஒரு விளக்கப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினாள். ஆறு பக்கம் பிரெஞ்சு. தொழிற்சாலையில் ஒன்பது வருசமாக அவள் வாசிப்பதும் இதே மாதிரிச் சின்ன எழுத்துதான். ஐந்தாவது பக்கத்தில் அவள் தேடியது இருந்தது. இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பக்கத்தை மூடிவிட்டுத் தன் கதிரைக்கு வந்து ஆறிய கோப்பியைக் குடித்தாள்.

மூன்று இருபதுக்கு ஜெராட் திரும்பி வந்தான். இன்னும் இரண்டு விளக்கு இயந்திரங்களில் இருந்து விளையாடி எழுந்திருந்தான். முகம் நல்லாயிருந்தது.

"என்ன, கண்டுபிடிச்சிட்டீரோ ஓட்டையை?"

"நேரம் என்ன?"

"இருக்கு. லவாலுக்கு நாலு மணி மட்டும் இருக்கு." அவன் கண் அந்த நடுங்கும் பானைக்குப் போயிற்று. கதிரை காலி. "ஐயோ, இதை விட்டிட்டுப் போயிருக்கினம்."

"ஜெராட்..."

அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் பின்னால் போய் நின்றாள். ஏழாவது சுற்றில் பானை உடைந்தது.

திரை முழுக்க நாணயம். மடாம் கை தட்டினாள். இலவசச் சுற்றுகள் ஓடி முடிந்தன. விளக்குகளில் அவன் ஒரு கிழமை பொறுக்குவது இந்த ஒரு உடைப்பில் விழுந்தது. ஜெராட் கதிரையைச் சுழற்றி அவள் பக்கம் திரும்பினான்.

"இப்ப சொல்லும்."

அவள் கைத்துண்டை எடுத்தாள். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளடி போட்டாள். அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"எட்டுத் தரம் உடைஞ்சது. கொழுத்தது நாலு, உங்கடையோடை. மெலிஞ்சது நாலு. தான் கொழுத்திருக்கிறன் எண்டு உங்கடை பானைக்கே தெரியாது."

"எட்டிலை என்ன தெரியும்? எண்ணூறு பாக்கவேணும்."

"சரி. அப்ப எண்ணூறும் பாத்து எழுதினவன் சொல்லுறதைக் கேளுங்கோ." அவனைத் தாண்டிக் கை நீட்டி விளக்கப் பொத்தானை அழுத்தினாள். ஐந்தாவது பக்கத்துக்குத் தள்ளினாள். "வாசியுங்கோ."

அவன் பிரெஞ்சை விரல் வைத்து வாசிப்பவன். கன நேரம் எடுத்தது. பானையின் தோற்றம் கேளிக்கைக்காக மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் அது உடையும் வாய்ப்பு ஒன்றே. முன்னைய சுற்றுகளால் மாறாது.

"மூண்டு மாதமா இதை அமத்திப் பாக்கேல்லையோ நீங்கள்?"

"இதுக்குள்ளை விதி எழுதிக் கிடக்கெண்டு ஆர் கண்டது," என்றான். பிறகு, "சும்மா சட்டத்துக்கு எழுதியிருப்பாங்கள். இப்ப என்ரை கண்ணுக்கு முன்னாலை உடைஞ்சதே."

அவள் யோசித்தாள். மூன்று முப்பத்தைந்து. அவன் கைத்துண்டுக்கும் கேட்கவில்லை, எழுத்துக்கும் கேட்கவில்லை.

"உங்கடை பீப்பாவிலை," என்றாள், "ஒரு பொட்டலத்தை எடுத்தா, எடுத்ததுதானே?"

"எடுத்ததுதான்."

"திரும்பப் போடுறேல்லை."

"போட்டா அது பீப்பாவே?"

"விளக்கு மிசினும் அப்பிடித்தான். ஊத்தினது நிக்கும். ஐந்நூறு மிசினும் அப்பிடித்தான். இந்தப் பானை ஒவ்வொரு சுத்துக்கும் எடுத்ததைத் திரும்பப் போட்டுக் கிண்டுது. கிண்டிப்போட்டு, வெளியிலை நிக்கிற சனத்துக்கு வயித்தை ஊதிக் காட்டுது."

ஜெராட் பானையைப் பார்த்தான். இப்போது அது மெலிந்து, மூடி ஆடாமல், பிள்ளைப் புத்தகத்துப் படம் போல நின்றது.

"ஒவ்வொரு சுத்துக்குமோ?"

"ஒவ்வொரு சுத்துக்கும். இது படத்திலை கீறின சட்டி. அகப்பை விட இடமில்லை."

அவன் கழுத்து சிவந்தது. தோற்றவனின் முகமல்ல அது. பீப்பாவைக் காரில் ஏற்றிய அன்று அவள் கண்ட முகம்.

"விளக்கிலை பொறுக்கினதையெல்லாம் இதுக்குள்ளை கொண்டுவந்து போட்டிருக்கிறன்," என்றான்.

"ஓம். அதுதான் ஓட்டை."

"அப்ப பானையை விட்டா, விளக்கு மட்டும் காணும்..."

"இண்டைக்கு நாலு மணித்தியாலம் நடந்தீங்கள். எத்தினை விளக்கு?"

"மூண்டு."

"தொப்பிக்காரனோடை மற்ற ரெண்டு பேரும் வந்தால்?"

அவன் கணக்குத் தெரிந்தவன். நாலு பேர் பொறுக்கும் வயலில் கதிர் எவ்வளவு கிடக்கும் என்று அவளைவிட அவனுக்குத் தெரியும். எழுந்து, போனை எடுத்துக்கொண்டு, ஆறு தெரியும் கண்ணாடி ஓரத்துக்குப் போனான். மணி மூன்று நாற்பத்தெட்டு. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பிரெஞ்சில் சொல்வது அவளுக்குத் தூரத்தில் கேட்டது.

திரும்பி வந்து சொன்னான். "திங்கள் ஆறரைக்கு வரட்டாம். இரும்பு மூக்குச் சப்பாத்து வேணுமாம்."

"பழையது பேஸ்மென்ரிலை கிடக்கு."

வெளிவாசல் நோக்கி நடந்தார்கள். சிவப்பு இயந்திரத்தைக் கடக்கும்போது அவள் நின்றாள். கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. நாற்பது சதம், ஒன்றுமில்லை. எண்பது, ஒன்றுமில்லை. ஒரு டொலர் இருபது. நாலு விளக்கில் இரண்டிரண்டு கோடு.

அந்தப் பக்கத்தால் தொப்பிக்காரன் வந்துகொண்டிருந்தான்.

"இருங்கோ," என்றாள்.

"வேண்டாம், அஞ்சலி. போவம்."

"அவன் வாறான். கெதியா இருங்கோ."

ஜெராட் இருந்தான். அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொப்பிக்காரன் வந்து, விளக்குகளைப் பார்த்து, அவளைப் பார்த்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த நாலு பேரில் ஒருவன் வாய் திறந்தான். "நல்ல கண்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனான். அது தனக்குச் சொன்னதென்று ஜெராட் நினைத்தான். அவள் திருத்தவில்லை.

பதினாறாவது சுற்றில் முதல் விளக்கு பற்றியது. முப்பதுக்குள் நாலும் பற்றிவிட்டன. பெரிய பணமில்லை. ஒரு சோடி சப்பாத்துக்குக் காணும். கடைசி விளக்கு அணைந்ததும், அவள் சொல்லாமலே, அவன் எழுந்தான்.

வாசலுக்குப் போகும் வழி பானைகளைக் கடந்துதான் இருந்தது. மடாம் இன்னும் தடவிக்கொண்டிருந்தாள். அவன் பார்க்காமல் போவான் என்று அஞ்சலீனா நினைத்தாள். அவன் நின்றான். அவன் உடைத்த பானை அதற்குள் பாதி வீங்கியிருந்தது.

"திரும்பப் போட்டுக் கிண்டிறான், பாரும்," என்றான் ஜெராட். "அருமைராசா."

பஸ்ஸுக்கு ஆறு நிமிடம் இருந்தது. தரிப்பிடத்தில் நின்று சோற்றுப் பெட்டியைத் திறந்தார்கள். இருவரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.